புளியில் கழுவிய போர்டுகள்

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், சால்டரிங் பற்றி, அதாவது ஈயம் வைத்துப் பற்றவைப்பது பற்றி, எழுதித் தரச் சொன்னீர்கள். எத்தனை டிகிரி, எத்தனை நொடி, எந்த முனை என்பதெல்லாம் உங்கள் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சுவரில் லட்சுமி படம் போட்ட காலண்டர் மட்டும்தான் இருந்தது. அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரு தடவை நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். அதில் பாதி சால்டரிங், பாதி நான். போர்டைச் சரிசெய்ய இரண்டு நாள் போதுமாக இருந்தது.

எண்பதுகளின் கடைசி. தருமபுரியிலிருந்து காரிமங்கலம் போகும் சாலையில் ஒரு ஷெட். முதலாளி பரம்பரையாகப் புளி வியாபாரி. கூடப் படித்த ஒருவர் மூலமாகப் பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் ஆர்டர் கிடைத்ததும், ஷெட்டின் நடுவே பிளைவுட் தடுப்பு அடித்து, அந்தப் பக்கம் புளி மூட்டை, இந்தப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் என்று பிரித்துவிட்டார். தடுப்பில் ஒரு கதவு இருந்தது. அது சரியாக மூடாது. எங்கள் பக்கம் ஈயப்புகை, அந்தப் பக்கம் புளித்தூசு. இரண்டும் கதவைப் பார்த்து நிற்பதில்லை.

பெங்களூர்க்காரர்கள் செய்தது, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் காது கேட்கும் கருவி. அதற்குள் போகும் போர்டை நாங்கள் பற்றவைத்துக் கொடுக்க வேண்டும். அதுவரை நாங்கள் பார்த்த பாகங்களுக்கெல்லாம் கம்பிக் கால்கள் இருந்தன. போர்டில் ஓட்டை இருக்கும், காலை உள்ளே விட்டுப் பின்பக்கம் ஈயம் வைப்போம். இந்தப் போர்டில் ஓட்டையே இல்லை. காலும் இல்லை. செம்புத் திட்டின் மேல் பாகத்தை அப்படியே உட்கார வைத்து இரண்டு ஓரத்திலும் பற்றவைக்க வேண்டும். சர்ஃபேஸ் மவுண்ட் என்றார்கள். எங்கள் பெண்கள் அந்தப் பாகங்களுக்கு நொய் என்று பெயர் வைத்தார்கள். அளவும் ஏறக்குறைய அதுதான்.

ஃபேன் போட்டால் நொய் பறந்துவிடும். அதனால் சித்திரை மாதத்திலும் ஃபேன் கிடையாது. தும்மல் வந்தால் எழுந்து வெளியே போய்த் தும்ம வேண்டும். சாயங்காலம் தரையைக் கூட்டிய குப்பையை முறத்தில் போட்டுப் புடைப்போம். தூசு பறந்து, நொய் முறத்தில் நிற்கும். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

இந்த வேலைக்கு முதலில் ஐ.டி.ஐ. படித்த பையன்கள் நான்கு பேரை வைத்தார் முதலாளி. ட்வீசரில் நொய்யை எடுப்பதற்குள் அவர்களுக்கு வேர்த்துவிடும். வேர்வை போர்டில் சொட்டும். பத்து நாள் பார்த்துவிட்டு அவர்களை அனுப்பிவிட்டார். பிறகு தடுப்புக் கதவைத் திறந்து, புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் விரல் வேகமான நான்கு பேரை இந்தப் பக்கம் வரச் சொன்னார். ஒரே வாரத்தில் அவர்கள் வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அவர்களுக்கு சூப்பர்வைசர். அதாவது, அந்த வேலை செய்யத் தெரியாத ஐந்தாவது ஆள். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ வாங்கியிருந்தேன், பொம்மிடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன், கையெழுத்து நன்றாக இருக்கும். முடித்த ஒவ்வொரு பெட்டிக்கும் நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் என் வேலை.

நான்கு பேரில் கை சுத்தமானவள் ஆரோக்கியமேரி. காரிமங்கலத்துக்குப் பக்கத்து ஊர். கிணறு வற்றியபின் அப்பா ஓசூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டார். இவள் பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று வருடம் புளி தட்டினாள். புளித்தூசில் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் வந்த மூன்றாவது மாதத்தில் இருமல் நின்றது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தடுப்புக் கதவைக் காட்டி என்னிடம் சொன்னாள். "அந்தக் கதவு வழியா நான் திரும்பிப் போவக்கூடாதுங்க சார். அது ஒன்னுதான் தெனமும் வேண்டிக்கிறது."

எந்த வேலையைத் தொடங்கினாலும் அவள் விரலால் சின்னதாக ஒரு சிலுவை போடுவாள். சோற்றுப்பானையின் மேலே, தையல் துணியின் மேலே, காலையில் முதல் போர்டின் மேலே. அவள் வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் என்றாள்.

அந்த வருடம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பெங்களூரிலிருந்து வெற்றுப் போர்டுகள் ஒரு வாரம் தாமதமாக, நனைந்த அட்டைப் பெட்டியில் வந்தன. திட்டுகளில் செம்பு கறுத்திருந்தது. ஈயம் ஒட்டவில்லை. சால்டரிங் அயர்ன் வைத்தால் ஈயம் உருண்டு ஓரமாக ஓடியது. பென்சில் ரப்பரால் தேய்த்துப் பார்த்தோம். ஒரு போர்டைத் தேய்க்கக் கால் மணி நேரம் ஆனது, அழுத்தித் தேய்த்தால் திட்டே பெயர்ந்து வந்தது. நானூறு போர்டு. முக்கால்வாசியை எப்படியோ ஒப்பேற்றிவிட்டோம். மீதி நூற்றுச் சொச்சம் மட்டும் மகா மோசம். சனிக்கிழமை வண்டி வந்துவிடும்.

இங்கே என் சொந்த விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே சூப்பர்வைசர் என்று போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் தருமபுரியில் அச்சகத்துக்குப் போய்ப் புரூஃப் பார்க்க வேண்டும். நான் கிளம்பும்போது பெண்கள் கறுத்த போர்டுகளை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"என்னங்க சார் பண்றது?" என்றாள் ஆரோக்கியமேரி.

"எப்படியோ பண்ணுங்க. எப்படின்னு என்கிட்டக் கேக்காதீங்க. நாளைக்குச் சாயங்காலம் பெட்டி கட்டியிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடித்தேன். புரூஃபில் சூப்பர்வைசர் என்பது கொட்டை எழுத்தில் நன்றாக வந்திருந்தது.

மறுநாள் காலை வந்து பார்த்தால் அத்தனை போர்டும் பளபளவென்று இருந்தது. கோயில் குத்துவிளக்கே தோற்றுவிடும். ஈயம் தண்ணீர் மாதிரி ஓடி ஒட்டியது. அயர்ன் வைக்கும்போதெல்லாம் ஷெட்டில் ரசம் கொதிக்கிற வாசனை வந்தது. வாசல் பக்கம் ஒரு முறம் ஈரமாகக் கிடந்தது. இரண்டையும் கவனித்தேன். கவனித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. டெஸ்டில் எல்லா போர்டும் தேறின. பெட்டி பெட்டியாகக் கையெழுத்துப் போட்டேன்.

தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, வேலை கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று பத்துப் பேர் கேட்பார்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் நடந்துவிடும். நேற்றுவரை வராத வேலை இன்றைக்குத் திடீரென்று நன்றாக வந்தால், ஏன் வந்தது என்று கேட்க ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். அதைக் கேட்கத்தான் உங்களுக்குச் சம்பளம். நான் அன்றைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்காமல் இருந்தேன்.

ஒன்றரை மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை பெங்களூர்க் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஆறு போர்டுகளோடு வந்து இறங்கினார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். முதல் ஐம்பது கருவிகளை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார்களாம். ஆறு கருவி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. காதுக்குள் யாரோ அப்பளம் பொரிக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை சிலேட்டில் எழுதிக் காட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு, போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறதாம்.

பூதக்கண்ணாடி விளக்கின் கீழே போர்டை வைத்துப் பார்த்தேன். நொய்யின் அடியில் பச்சை பூத்திருந்தது. செம்பு அரித்து, இரண்டு திட்டுக்கும் நடுவே பச்சையாகப் படர்ந்து, போகக் கூடாத இடத்தில் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது போர்டும் அப்படியே. மூன்றாவது போர்டில், நொய்யின் ஓரத்தில் ஒரு நார் ஒட்டியிருந்தது. புளி நார். தருமபுரியில் பிறந்தவனுக்கு அது எதுவென்று இன்னொருவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஈர முறம், ரசவாசனை, பளபளப்பு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பித்தளைச் சாமான் விளக்குகிற மாதிரி புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, அலசி, முறத்தில் காயவைத்திருக்கிறார்கள். அலசியதில் போனது போக மீதி திட்டிலேயே தங்கி, நொய்யின் அடியில் மாட்டிக்கொண்டது. பிள்ளைகளின் சட்டைப் பை வேர்வை பட்டதும் அது வேலையைக் காட்டியிருக்கிறது.

ஆறு போர்டின் மூலையிலும் பென்சிலால் சின்னதாக ஒரு சிலுவை இருந்தது.

"ஏனு இது? என்ன குறி?" என்றார் அதிகாரி, அந்த மூலையைக் காட்டி.

"செக் பண்ணின அடையாளம் சார்" என்றேன். சொல்லிக்கொண்டே குனிந்து மெதுவாக ஊதினேன். நார் பறந்துவிட்டது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பயம்தான். வேறு பெயர் வைக்க ஒன்றுமில்லை. பத்திரிகை அச்சாகி வீட்டில் கட்டுக்கட்டாக இருந்தது.

அதிகாரி எழுந்தார். எந்தப் போர்டு நல்லது, எந்தப் போர்டு கெட்டது என்று பிரிக்க முடியாவிட்டால் நானூறையும் ஒதுக்கிவிடுவோம், வியாழக்கிழமை எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவருகிறேன், அதற்குள் காரணத்தைக் கண்டுபிடியுங்கள் என்றார். முதலாளி நான்கு பெண்களையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"யாரு என்ன பண்ணுனீங்க? நெசத்தச் சொல்லுங்க."

"தெரியலீங்க" என்றார்கள். நான்கு பேரும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள்.

"யாருன்னு தெரியற வரைக்கும் ஒருத்தரும் மேசையில உக்காரக் கூடாது" என்றார் முதலாளி. என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க விசாரிச்சுச் சொல்லுங்க சூப்பர்வைசர்" என்றார். விசாரிக்கிறேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் நான்கு பேரும் வழக்கமான பஸ்ஸில் வந்தார்கள். உள்ளே விடாததால் வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கொண்டுவந்த சோற்றை அங்கேயே சாப்பிட்டார்கள். சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். என் மேசைக்கு நேரே ஜன்னல். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அந்த இரண்டு நாளும் விசாரணை அறிக்கை என்று தலைப்பு எழுதி, கீழே கோடு போட்டு, அழகாக மடித்து வைத்தேன்.

வியாழக்கிழமை காலை வண்டி வந்தது. பெட்டிகளை இறக்கி வரிசையாக வைத்தார்கள். அதிகாரி மேசையில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தார். முதலாளி கோபமாகக்கூட இல்லை. ஒரு தீர்மானத்துக்கு வந்தவர் மாதிரி நிதானமாகப் பேசினார்.

"போதுங்க. இது நமக்குச் சரிப்படாது. தை பொறந்தா புளி வந்துடும், மூட்டை போட எடமும் பத்தல. தடுப்பப் பிரிச்சுடலாம். அந்த நாலு பொண்ணுங்களும் நாளையிலிருந்து பழையபடி புளி தட்டட்டும்." என்னைப் பார்த்தார். "நீங்க கவலப்படாதீங்க. மண்டியில எட போட ஆளு வேணும்."

ஜன்னலுக்கு வெளியே ஆரோக்கியமேரி எழுந்து நின்றிருந்தாள். வண்டியையும் பெட்டிகளையும் பார்த்து அவளுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் எடை போடுகிற வேலை என்ற சொல்லும் அப்போதுதான் என் காதில் விழுந்தது. இரண்டில் எது முதலில் என்னைத் தள்ளியது என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

"சார், மூலையில சிலுவை போட்ட போர்டை மட்டும் தனியா எடுங்க" என்றேன். "அதுதான் கெட்டது. மத்ததெல்லாம் நல்லது."

"செக் பண்ணின அடையாளம்னு சொன்னீங்களே?" என்றார் அதிகாரி.

"பொய் சொன்னேன் சார். அது புளி போட்டுக் கழுவின அடையாளம்."

அதிகாரி, "ஹுணிசே?" என்றார். புளியைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. முதலாளி தடுப்புக் கதவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் மூட்டைகள் அடுக்கியிருந்தன.

எல்லாவற்றையும் சொன்னேன். கறுத்த போர்டோடு அவர்களை விட்டுவிட்டு அச்சகத்துக்குப் போனது, எப்படி என்று கேட்காதே என்று சொன்னது, ரசவாசனை, முறம், நாரை ஊதியது. கையெழுத்து என்னுடையது, அவர்களுக்கு அந்த வேலையைக் கொடுத்தது நான், வேறு வழி சொல்லிக் கொடுக்காதது நான், அதனால் பெயர் எழுதுவதானால் என் பெயரை எழுதுங்கள் என்றேன். ஆரோக்கியமேரியின் பெயரை நான் சொல்லவில்லை. சிலுவையைப் பார்த்த பிறகு சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

நான்கு பெண்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். அரை மணி நேரத்தில் போர்டுகளைப் பிரித்துவிட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு போர்டுகளில் சிலுவை இருந்தது. அதிகாரி அதில் பத்தையும் சிலுவை இல்லாததில் பத்தையும் எடுத்து நொய்யைப் பெயர்த்துப் பார்த்தார். நான் சொன்னபடியே இருந்தது.

"குறி எதுக்கும்மா போட்டே?" என்று ஆரோக்கியமேரியைக் கேட்டார்.

"கழுவுனதுக்கு மட்டும் போட்டேங்க. மனசுக்குப் பயமா இருந்துச்சு. ஒன்னும் ஆவக்கூடாதுன்னு போட்டேன்."

அதிகாரி அவளை உற்றுப் பார்த்தார். இருபது வருட அனுபவத்தில் சந்தேகப்பட்ட வேலைக்குத் தானாகவே அடையாளம் வைத்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பெயர்த்துப் பார்த்த பத்து போக, சிலுவை இல்லாத இருநூற்று எழுபத்தெட்டு போர்டுகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். மீதியில் நொய்யைப் பெயர்த்து, ஸ்பிரிட்டில் பிரஷ் போட்டுக் கழுவி மறுபடி செய்து தரச் சொன்னார். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் கரிம அமிலம் என்று எழுதினார். புளி என்று எழுதினால் மேலே இருப்பவர்கள் படிக்க மாட்டார்கள் என்றார்.

தடுப்பைப் பிரிக்கவில்லை. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. முதலாளி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் வந்து போனவர்களிடமெல்லாம், "எங்க சூப்பர்வைசர் மாதிரி வருமா? தன் மேலயே போட்டுக்கிட்டாரு பாருங்க" என்று என்னைக் காட்டிச் சொன்னார். நானும் மறுத்துப் பேசவில்லை. இரண்டாவது ஆளிடம் அவர் சொன்னபோது எனக்கே அது கொஞ்சம் உண்மை மாதிரி இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மற்ற மூன்று பேரும் ஸ்பிரிட் பாட்டில் எடுத்துவரப் போயிருந்தார்கள். ஆரோக்கியமேரி அயர்னைப் போட்டுவிட்டு அது சூடாகக் காத்திருந்தாள்.

"சார், ஒன்னு கேக்கலாங்களா?"

"கேளு மேரி."

"போர்டு திரும்பி வந்துச்சே திங்கக்கெழமை. அன்னிக்கே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"தெரியும்" என்றேன்.

"நான்தான்னும் தெரியுங்களா?"

"தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"நான் கழுவுனத அவங்க மூணு பேரும் பாத்தாங்க சார். பக்கத்துலதான உக்காந்திருந்தாங்க. செவ்வாக்கெழமையே உள்ள போயிச் சொல்லிடறேன்னு எந்திரிச்சேன். கையப் புடிச்சு உக்கார வச்சுட்டாங்க. நீ சொன்னா உன்னை அந்தப் பக்கம் அனுப்பிடுவாங்க, உனக்கு இருமல் வந்துடும், பேசாம இருன்னாங்க. வேலயில்லாம அவங்களும் என்கூட மரத்தடியில உக்காந்திருந்தாங்க." அயர்ன் சூடாகிவிட்டதா என்று பார்த்தாள். "அவங்க எனக்காகப் பேசாம இருந்தாங்க சார். நீங்க யாருக்காகப் பேசாம இருந்தீங்க?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரியாததால் கேட்டாள். முதலாளி முந்தின நாள் சாயங்காலம் என்னைப் புகழ்ந்ததை அவளும் கேட்டிருந்தாள், இரண்டையும் சேர்த்துப் பார்த்து அவளுக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. ஆயுசில் அவ்வளவு வெட்கம் நான் வேறு எப்போதும் பட்டதில்லை.

"எனக்காகத்தான்" என்றேன்.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, அயர்ன் முனையை ஈரப் பஞ்சில் துடைத்து, முதல் போர்டை எடுத்துக்கொண்டாள்.